வைப்பர் தண்ணீர் உறையுமா? பட்டறையில் வந்த கேள்விகள்

சித்திரை வெயிலில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் ஏசியைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். மார்கழி பிறந்ததும் பேச்சு மாறிவிடும். கொடைக்கானல், மூணாறு, ஊட்டி என்று மலையேறப் போகிறவர்களும் போய்விட்டு வந்தவர்களும் கேட்கிற கேள்விகளில் இந்த வருஷம் முன் கண்ணாடிக்குப் பீய்ச்சும் தண்ணீர்தான் முதலிடம். அதனால் இந்த முறை முழுக்க அதுவே.

புத்தாண்டுக்குக் குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தோம். காலை ஆறரைக்கு வண்டியை எடுத்தேன். கண்ணாடி மங்கலாக இருந்ததால் வைப்பர் தண்ணீரை அடித்தேன். அடுத்த நொடி கண்ணாடி முழுக்க வெள்ளையாகி ஒன்றுமே தெரியவில்லை. டேங்கில் தண்ணீர் உறைந்துவிட்டதா? (வில்லாபுரம் வாசகர்)

டேங்கில் உறைந்திருந்தால் தண்ணீர் கண்ணாடிக்கே வந்திருக்காதே சார். உறைந்தது கண்ணாடியில் பட்ட பிறகு.

மதுரை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. நம் ஊரில் மார்கழி விடியலில் 20 டிகிரி இருந்தால், அந்தக் கணக்குப்படி அங்கே ஏழு, எட்டு இருக்க வேண்டும். பிறகு பனி எப்படி உறைகிறது? மேகமே இல்லாத இரவில் தரையும் புல்லும் கார் கண்ணாடியும் தங்கள் சூட்டை அப்படியே வானத்துக்கு விட்டுவிடுகின்றன. பள்ளமான இடங்களில் குளிர்காற்று வந்து தேங்கியும் நிற்கும். ஜிம்கானா மைதானத்துப் புல் வெள்ளை விரித்தது போல் கிடப்பதும் இதனால்தான். வானத்தைப் பார்த்துச் சாய்ந்து கிடக்கும் முன் கண்ணாடி, சுற்றியுள்ள காற்றை விட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே குளிர்ந்துவிடும். காற்று இரண்டு டிகிரியில் இருக்கும்போதே கண்ணாடி சுழியத்துக்குக் கீழே போயிருக்கலாம். பானெட்டுக்குள் இருக்கும் டேங்க் அவ்வளவு குளிராது. அதனால்தான் உங்கள் தண்ணீர் தண்ணீராகவே வந்து, கண்ணாடியில் பட்டதும் பனிக்கட்டியானது.

இதற்கு முதல் நாள் ராத்திரியே வேலையை முடித்துவிட வேண்டும். கண்ணாடி மேல் ஒரு கெட்டியான போர்வையோ அட்டையோ போட்டு, ஓரங்களை இரண்டு கதவிலும் கவ்வ விடுங்கள். வைப்பர் கைகளைத் தூக்கி நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, காலையில் சுவிட்சைப் போட்டதும் கிழியும். காலையில் இன்ஜினைப் போட்டு, ஏசி காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, சூட்டை மெதுவாகக் கூட்டுங்கள். பத்து நிமிஷம் பொறுத்தால் பனி தானாக இளகும். அவசரமென்றால் காலாவதியான பிளாஸ்டிக் கார்டு ஒன்றால் சுரண்டலாம். தோசைத் திருப்பி வேண்டாம். சிரிக்காதீர்கள், செய்த ஆள் இருக்கிறார். கண்ணாடி சூடேறும் வரை தண்ணீர் சுவிட்சைத் தொடவே கூடாது.

வெந்நீர் ஊற்றினால் உடனே இளகிவிடுமே? (அதே வாசகரின் மனைவி)

இளகும் அம்மா. கூடவே கண்ணாடியும் போகும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம், என் சொந்த வண்டி. கொடைக்கானலில் டீக்கடையில் ஒரு சொம்பு வெந்நீர் கேட்டு வாங்கி, மேலிருந்து அப்படியே ஊற்றினேன். ஆவி எழும்பியது, பனி வழுக்கிக்கொண்டு இறங்கியது, எனக்கும் ஒரே பெருமை. அப்போது 'டிக்' என்று ஒரு சத்தம், நகம் ஒடிகிற மாதிரி. வரும் வழியில் வத்தலக்குண்டு பக்கம் டிப்பரிலிருந்து தெறித்த ஜல்லி ஒரு மிளகு அளவுக்குப் புள்ளி போட்டிருந்தது. அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கோடு கிளம்பி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளைந்து வளைந்து ஓட்டுநர் பக்க ஓரம் வரைக்கும் போய் நின்றது. டீக்கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. சொம்பை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார்.

முன் கண்ணாடி என்பது இரண்டு தகட்டுக் கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம். வெளித்தகடு சட்டென்று சூடாகி விரிகிறது, உள்தகடு குளிர்ந்தே கிடக்கிறது. ஏற்கெனவே கல் பட்ட இடம் இருந்தால் அங்கிருந்துதான் பிளக்கும். ஆகவே வெந்நீரைக் குடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரைக்குள்ளேயே ஓட்டுகிறேன். உறையாத திரவம் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கலாமா? (ஆனையூர்)

வேண்டாம். காசை மிச்சம் பண்ணுங்கள்.

நாலு நண்பர்கள் சேர்ந்து ஜனவரியில் காரிலேயே ஸ்ரீநகர் போகிறோம். வைப்பர் டேங்கில் என்ன ஊற்றுவது? (திருமங்கலம்)

நல்ல ஆசை. நம் ரிங் ரோட்டில் ஏறும் அதே 44-ஆம் எண் நெடுஞ்சாலை, நாம் இன்னும் ஏழாம் நம்பர் ரோடு என்று சொல்கிற அதே ரோடு, ஸ்ரீநகர் வரைக்கும் போகிறது. ஆனால் டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாளை அங்கே 'சில்லை கலான்' என்கிறார்கள். வருஷத்திலேயே கடுங்குளிர் அப்போதுதான். ராத்திரியில் சுழியத்துக்குக் கீழே போவது அங்கே சாதாரணம். அங்கே டேங்கே உறையும்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். நிரம்பிய டேங்க் வெடிக்கலாம், மோட்டாரின் மூக்கு உடையலாம், பைப் கழன்று வரலாம். அதனால் இங்கே ஊற்றிய தண்ணீரை டெல்லி தாண்டும் முன்பே பீய்ச்சித் தீர்த்துவிடுங்கள். கொஞ்சம்கூட மிச்சம் இருக்கக் கூடாது. மிச்சமிருந்தால் புதிதாக ஊற்றுவதையும் நீர்க்கச் செய்துவிடும். பிறகு உறையாத திரவத்தை ஊற்றி, சுவிட்சை நாலைந்து தடவை அழுத்தி நாசில் வழியே அது வருகிறதா என்று பாருங்கள். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். டேங்கில் புதுத் திரவம் இருக்கும், பைப்புக்குள் பழைய தண்ணீர் நிற்கும். அந்தப் பென்சில் கனப் பைப்பும் அதைவிடச் சின்ன நாசில் துளையும்தான் முதலில் உறைகிறவை.

வாங்கும் கேனில் மைனஸ் எத்தனை டிகிரி என்று அச்சிட்டிருக்க வேண்டும். டிகிரியே போடாமல் 'வாஷர்' என்று மட்டும் இருந்தால் அது பூச்சிக் கறை போக்குகிற சோப்புத் தண்ணீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே கலக்கலாம். கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மூன்று பங்கு, டிஸ்டில்டு வாட்டரில் ஏழு பங்கு கலந்தால் சுமார் மைனஸ் 15 வரை தாங்கும். பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 20. இது தீப்பிடிக்கிற பொருள். பீடி, சிகரெட் பக்கத்தில் இருக்கக் கூடாது, கலப்பதையும் திறந்த வெளியில் செய்யுங்கள். கைக்குப் போடும் சானிடைசரை ஊற்றிவிடாதீர்கள். அதில் கலந்திருக்கும் பிசுபிசுப்பு கண்ணாடியில் அப்பிக்கொள்ளும்.

இன்னொன்று. வண்டி ஓடும்போது காற்று அடித்து ஆல்கஹால் முதலில் ஆவியாகிவிடும், தண்ணீர் மட்டும் கண்ணாடியில் தங்கி உறையும். மைனஸ் 15 தாங்கும் கலவை மைனஸ் 12-இல் ஓடும்போதே ஏமாற்றலாம். எதிர்பார்க்கும் குளிரை விடப் பத்து டிகிரி கீழே தாங்குவதாகப் பார்த்து எடுங்கள். கிளம்பும் முன் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டையும் சோதியுங்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய. அது அங்கே இன்ஜினுக்கே வேட்டு வைக்கும். ஆட்புளூ (புகையைச் சுத்தப்படுத்தும் திரவம்) ஊற்றுகிற டீசல் வண்டியாக இருந்தால், அது மைனஸ் 11-இல் உறைவதும் நினைவில் இருக்கட்டும். ஆனால் அதை இளக்க வண்டியிலேயே ஏற்பாடு இருக்கும், பயம் வேண்டாம்.

டாஸ்மாக் சரக்கை ஊற்றினால் உறையாது என்கிறான் என் மச்சான். உண்மையா? (பெயர் வேண்டாம் என்கிறார், அலங்காநல்லூர்)

உறையாது என்பது உண்மைதான். நம் ஊர் பிராந்தியில் நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால். மைனஸ் இருபது வரை அசையாது. ஆனால் அதில் போட்டிருக்கும் நிறச் சாயம் கண்ணாடியில் படியும். ஏசி காற்று வழியாக வாசனை உள்ளே வரும். வழியில் போலீஸ் நிறுத்தினால் 'வைப்பருக்கு ஊற்றினேன் சார்' என்று சொல்லிப் பாருங்கள். மச்சான் கேட்பது வண்டிக்காகத்தானா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உப்பு போடலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கூடாது, தகரம் அரிக்கும், நாசில் அடைக்கும். ரேடியேட்டர் கூலண்டும் கூடாது. கண்ணாடியில் எண்ணெய் தடவியது போலாகி எதிர் வண்டி வெளிச்சம் பரவிவிடும். அதோடு அது விஷம். இனிப்பாக இருப்பதால் கீழே சிந்தினால் நாய் நக்கிவிட்டுச் செத்துப் போகும்.

மகள் அமெரிக்காவில் மின்னசோட்டாவில் இருக்கிறாள். கோடையில் வாங்கிய காரில் இப்போது வைப்பர் தண்ணீர் வரவே இல்லையாம். அங்கே மெக்கானிக் கூலி கேட்டால் தலை சுற்றுகிறது என்கிறாள். வீட்டிலேயே சரி செய்ய முடியுமா? (எஸ்.எஸ்.காலனி, ஓய்வுபெற்ற ஆசிரியை)

முடியும் அம்மா. கோடையில் வாங்கிய வண்டி என்கிறீர்கள். டேங்கில் இருப்பது பெரும்பாலும் கோடைக்கான திரவமாகத்தான் இருக்கும். அது உறைந்துவிட்டது. முதல் வேலை, மகளைச் சுவிட்சை அழுத்துவதை நிறுத்தச் சொல்லுங்கள். உறைந்த டேங்கில் மோட்டார் சுற்ற முடியாமல் திணறி, ஃப்யூஸ் போகும். இல்லாவிட்டால் மோட்டாரே எரியும். வண்டியைச் சூடான மூடிய ஷெட்டில் ஒரு ராத்திரி நிறுத்தட்டும். இளகியதும் பழையதை முழுக்கப் பீய்ச்சி எடுத்துவிட்டு, குளிர்காலத் திரவத்தை நிரப்பட்டும். இளகிய பிறகும் மோட்டார் சத்தமே கேட்காவிட்டால் ஃப்யூஸைப் பார்க்கச் சொல்லுங்கள். அது சில்லறைக் காசு வேலை.

அங்கே கேனில் போட்டிருக்கும் எண் ஃபாரன்ஹீட். மைனஸ் 20 என்று இருந்தால் நம் கணக்கில் அது மைனஸ் 29. மின்னசோட்டா குளிருக்கு அதற்கும் கீழே தாங்குவது இருந்தால் நல்லது. மைனஸ் 40 என்று இருந்தால் கணக்கே வேண்டாம். இரண்டு அளவிலும் அது ஒன்றுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே விற்கும் அந்த நீல நிறக் குளிர்காலத் திரவத்தில் பெரும்பாலும் இருப்பது மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் இருந்த அதே மெத்தனால். ஐரோப்பாவில் பொதுமக்களுக்கு விற்கும் வைப்பர் திரவத்தில் இது 0.6 சதவீதத்தை எட்டக் கூடாது என்று கட்டுப்பாடே இருக்கிறது. அமெரிக்காவில் தாராளமாகக் கிடைக்கிறது. பார்க்க ஜூஸ் மாதிரி இருக்கும். பேரக்குழந்தைகள் இருக்கும் வீடென்றால், கேனை எட்டாத உயரத்தில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் நம் பழக்கம் இதில் கூடவே கூடாது. தப்பித் தவறி யாராவது குடித்துவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறான் என்று காத்திருக்கக் கூடாது. முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது, பிறகு கண் பார்வையில் தொடங்கும். உடனே ஆஸ்பத்திரி.

போடிமெட்டு ஏறும்போது கண்ணாடி வெள்ளையாகிறது. வைப்பர் போட்டாலும் போகவில்லை. உறைபனியா? (உசிலம்பட்டி டாக்ஸி டிரைவர்)

இல்லை தம்பி, அது உள்பக்கம் படிகிற ஆவி. விரலால் உள்ளே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், தெரியும். ஏசியைப் போட்டு காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். வெளிக்காற்று உள்ளே வரும் பட்டனைத் திறந்து வையுங்கள். ஆறு பேர் மூச்சு விடுகிற வண்டியில் உள்காற்றையே சுற்றவிட்டால் ஆவி போகாது.

நாசில் மாதம் ஒருமுறை அடைத்துக்கொள்கிறது. ஷாம்பு கலந்துதான் ஊற்றுகிறேன். (ஒத்தக்கடை)

குளிரை விடுங்கள், நம் ஊரின் உண்மையான எதிரி இதுதான்: போர் தண்ணீர். ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படியுமே, அதே சுண்ணாம்பு அந்த ஊசித் துளையிலும் படிகிறது. ஷாம்புவின் பிசுக்கும் அதோடு சேர்ந்து படியலாம். இப்போதைக்குத் துளையில் மெல்லிய ஊசியை மெதுவாக விட்டு எடுங்கள். ஆழமாகக் குத்தினால் பீய்ச்சும் திசை மாறி, தண்ணீர் கூரைக்குப் போகும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வினிகர் தொட்டு நாசில் தலையைத் தேய்த்து, அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். வினிகர் பெயிண்ட் மேல் காயக் கூடாது. இனி நல்ல தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ மட்டும் ஊற்றுங்கள், அதில் வாஷர் திரவம் கேனில் போட்டிருக்கிற அளவுக்கு. டேங்க் தண்ணீர் நாற்றமடித்தால் முழுக்க மாற்றிவிடுங்கள். வெறும் தண்ணீர் தேங்கிய டேங்கில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும் என்று இங்கிலாந்தில் 2010-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. நம் வெயிலுக்கு அது இன்னும் வசதியாக வளரும்.

காலையில் நிரப்பினால் சாயங்காலம் டேங்க் காலி. ஒரு தடவைகூட அடிக்கவில்லை. (மேலூர்)

எலி. பானெட்டைத் திறந்து, டேங்கிலிருந்து நாசில் வரை போகும் கறுப்புப் பைப்பைக் கையால் தடவிக்கொண்டே வாருங்கள். ஈரம் தட்டுகிற இடத்தில் பல் பதிந்திருக்கும். பின் கண்ணாடிக்கும் வைப்பர் இருக்கிற வண்டி என்றால், அந்தப் பைப் உள் கம்பளத்துக்கு அடியில் போவதாக இருக்கும், அதையும் பாருங்கள். மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கி நீங்களே மாட்டலாம். பழைய பைப்பில் ஒரு துண்டைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள், அளவு மாறிவிடும்.