சிக்னல் 90 சதவீதம் காட்டியும் மாலையில் படம் உடைகிறது. பூஸ்டர் போட்டால் சரியாகுமா?

சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரை இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்காதீர்கள். வாங்கி மாட்டிவிட்டீர்கள் என்றால், முதல் வேலையாக அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. உங்கள் வட்டாரத்து ஒளிபரப்பு டவர் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கூரை மேல் பழைய ஆன்டெனா. பகலில் எல்லாச் சேனலும் பளிச்சென்று வருகிறது. பொழுது சாய்ந்ததும் ஒரே ஒரு தொகுப்பைச் (ஒரே அலைவரிசையில் சேர்ந்து வரும் சேனல் கூட்டம்) சேர்ந்த ஆறேழு சேனல்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடுகின்றன. மற்றவை தப்பிக்கின்றன. செட்டாப் பாக்ஸில் சிக்னல் வலிமை 90 சதவீதம், தரம் மட்டும் ஏறி இறங்குகிறது.

இதே கூத்தை நானும் ஆடியிருக்கிறேன். என் வீட்டில் வலிமை 60ஐத் தாண்டவில்லை என்று கவலைப்பட்டு ஒரு பூஸ்டர் வாங்கி ஆன்டெனாக் கம்பத்தில் கட்டினேன். வலிமை 95க்குப் போனது. அன்று இரவே, அதுவரை ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒரு தொகுப்பு முழுவதுமாகக் காணாமல் போனது. சிக்னல் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு பூஸ்டரின் திருகை இன்னும் கூட்டினேன். இன்னொரு தொகுப்பும் போனது! இரண்டு வாரம் இப்படியே ஏணியில் ஏறி இறங்கிய பிறகுதான் அந்த 95 என்ற எண்ணை நம்பியது தப்பு என்று உறைத்தது.

பெட்டி காட்டும் 'வலிமை' என்பது ஆன்டெனா வழியாக உள்ளே வந்த மொத்த சக்தி. உங்களுக்கு வேண்டிய ஒளிபரப்பு, இரைச்சல் (படத்தைக் கெடுக்கும் வேண்டாத அலைகள்), பக்கத்து அலைவரிசை என்று எது வந்தாலும் அதில் சேரும். பதரோடு சேர்த்து அளந்தால் மரக்கால் நிறையத்தான் செய்யும். நெல் எவ்வளவு என்று சொல்வது 'தரம்' என்ற இன்னொரு கோடு. அதுவும் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளும் அளவுகோல்தான். ஒரு பெட்டியின் 70ஐ இன்னொரு பெட்டியின் 70ஓடு ஒப்பிட முடியாது. ஆனால் ஒரே பெட்டியில் அது கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதற்கு அதைவிட நல்ல கருவி வீட்டில் கிடையாது.

பழைய அனலாக் காலத்தில் சிக்னல் மெலிந்தால் திரையில் புள்ளி புள்ளியாக வரும், ஆனாலும் ஆள் முகம் தெரியும். சுத்தமான படத்துக்கு இரைச்சலைவிட சிக்னல் 40 டெசிபலுக்கு (ஒரு சக்தி இன்னொன்றைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்லும் அளவு) மேல் உயர்ந்து நிற்க வேண்டியிருந்தது. டிஜிட்டலில், டிவிபி-டி2 என்ற ஒளிபரப்பு முறையில், 256 க்வாம் என்ற, தகவலை நெருக்கி அடைக்கும் பண்பேற்றத்தில் அனுப்பினால்கூட, ஏறத்தாழ 20 டெசிபல் போதும். அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் படம் ஒரே மாதிரிதான். அதற்குக் கீழே ஓரிரு டெசிபல் இறங்கினால் போச்சு, மலை விளிம்பிலிருந்து கால் வழுக்கின மாதிரி. பிழை திருத்தும் முறை திறமையாக ஆக ஆக இந்த விளிம்பும் செங்குத்தாகிறது. டி2 முறையில் பழைய டிவிபி-டியைவிட விளிம்பு கூர்மை. ஆகவே 'பகலில் பளிச்சென்று வருகிறது' என்று நீங்கள் சொல்வதிலிருந்து சிக்னல் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. விளிம்பிலிருந்து ஒரு டெசிபல் தள்ளி நின்றாலும் பளிச்சென்றுதான் வரும். மாலையில் அந்த ஒரு டெசிபல் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

இப்போது பூஸ்டர். ஆன்டெனாவில் சிக்னலும் இரைச்சலும் என்ன விகிதத்தில் வந்து சேர்கிறதோ, அதை எந்தப் பூஸ்டராலும் கூட்ட முடியாது. இரண்டையும் சேர்த்துத்தான் பெருக்கும், போதாக்குறைக்குத் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் போடும். அது செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம், கேபிளில் வீணாகப் போகும் சக்தியையும் டிவியின் உள்ளே பிறக்கும் இரைச்சலையும் ஈடுகட்டுவது. வழக்கமான ஆர்ஜி-6 ஆன்டெனாக் கேபிளில், யுஹெச்எஃப் என்ற தொலைக்காட்சி அலைவரிசைப் பட்டையின் மேல் பகுதியில் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 20 டெசிபல் இழப்பு. உங்கள் கேபிள் 15 மீட்டர் என்றால் 3 டெசிபல். இரண்டு டிவிக்குப் பிரித்தால் இன்னொரு மூன்றரை, நான்கு. கேபிள் 40, 50 மீட்டர் ஓடுகிறது, அல்லது நாலு அறைக்குப் பிரிகிறது என்றால் பூஸ்டருக்கு வேலை இருக்கிறது. அதையும் ஆன்டெனா பக்கத்திலேயே, இழப்பு நடப்பதற்கு முன்னால் கட்ட வேண்டும். டிவிக்குப் பின்னால் செருகும் வகை, இரைச்சலோடு வந்து சேர்ந்ததை இன்னும் சத்தமாகச் சொல்லும்.

என் வீட்டில் நடந்தது வேறு. பூஸ்டர் திணறிப்போனது. பழைய பூஸ்டர்கள் 470 முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் அள்ளிப் பெருக்கும்படி செய்யப்பட்டவை, அப்போது அந்த இடம் முழுவதும் தொலைக்காட்சிக்கு இருந்தது. பிறகு பல நாடுகளில் மேல் பகுதியை வெட்டி எடுத்து செல்போனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் முதலில் 790க்கு மேல் போனது, அப்புறம் 694க்கு மேலும் போனது. அமெரிக்காவில் தொலைக்காட்சி 608லேயே நின்றுவிடுகிறது. ஆக, அரை கிலோமீட்டரில் இருக்கும் செல்போன் டவரை அந்தப் பூஸ்டர் கைகூப்பி வரவேற்று உள்ளே விடுகிறது. 60 கிலோமீட்டரிலிருந்து வரும் மெல்லிய சிக்னல் அந்தக் கூச்சலில் சிதைகிறது. இதில் பழைய அகலப்பட்டை யாகி ஆன்டெனாவுக்கும் (ஒரு தண்டில் வரிசையாகக் கம்பிகள் வைத்த கூரை ஆன்டெனா) பங்கு உண்டு. அதன் வாங்கும் திறன் அலைவரிசை கூடக் கூட ஏறி, பட்டையின் மேல் நுனியில்தான் உச்சத்துக்குப் போகும். இப்போது அந்த உச்சம் இருக்கும் இடத்தில் செல்போன்தான் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. பலருக்குத் தெரியாது, தெரிந்தாலும் நம்ப மாட்டார்கள். 6 டெசிபல் அட்டென்யுவேட்டர் என்று விரல் நுனி அளவில் ஒரு சின்னச் சாமான் கிடைக்கும், சிக்னலைக் குறைப்பது மட்டும்தான் அதன் வேலை. அதை டிவிக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகுங்கள். தரம் ஏறினால், டிவிக்குள்ளே சிக்னல் அளவுக்கு மீறிப் போகிறது என்று அர்த்தம். தரம் இறங்கினால் உண்மையிலேயே சிக்னல் போதவில்லை. அசையவே இல்லை என்றால் கோளாறு ஆன்டெனாப் பக்கம். கம்பத்தில் பூஸ்டர் இருந்தால் இந்தச் சோதனையை அதைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், ஏனென்றால் பூஸ்டரே திணறும்போது அதற்குப் பின்னால் குறைத்து ஒன்றும் ஆகாது. அதோடு பூஸ்டருக்கு மின்சாரம் அதே கேபிளில்தான் மேலே போகிறது, வழியில் எதைச் செருகினாலும் அது தடைபடலாம்.

ஒரே ஒரு தொகுப்பு மட்டும் ஏன் உடைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியிலேயே முக்கியமான இடம் அதுதான். ஒவ்வொரு தொகுப்பும் ஒரு தனி அலைவரிசையில் வருகிறது. டவரிலிருந்து நேராக வரும் அலையும், தரையிலோ பக்கத்துக் கட்டடத்திலோ பட்டுத் திரும்பி வரும் அலையும் உங்கள் ஆன்டெனாவில் சந்திக்கும்போது, சில அலைவரிசைகளில் ஒன்றையொன்று கூட்டும், சிலவற்றில் கழித்துக்கொள்ளும். அனலாக்கில் இதுதான் திரையில் நிழல் உருவமாகத் தெரிந்தது. டிவிபியில் ஒவ்வொரு துணுக்குக்கும் முன்னால் ஒரு காப்பு இடைவெளி விடுவதால் நிழல் வராது. ஆனால் கழிந்துபோன சக்தி கழிந்துபோனதுதான், அதைக் காப்பு இடைவெளி திருப்பித் தராது.

இதற்கு மருந்து ஆன்டெனாவை நகர்த்துவது. 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் வெறும் 50 சென்டிமீட்டர். அரை மீட்டர் இடம் மாறினாலே கணக்கு தலைகீழாகலாம். எல்லாரும் உயரத்தைக் கூட்டத்தான் பார்ப்பார்கள், நானும் அப்படித்தான் பார்த்தேன். கடைசியில் என் வீட்டில் காரியம் நடந்தது ஆன்டெனாவை 40 சென்டிமீட்டர் கீழே இறக்கியபோது! கழற்றிய பூஸ்டர் கையில், ஆன்டெனா ஒரு முழம் கீழே, எல்லாத் தொகுப்பும் வந்துவிட்டது. பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் இன்றுவரை நம்பவில்லை.

உயரத்தைப் பற்றியும் ஒரு கணக்கு சொல்கிறேன். காற்று மண்டலத்தில் அலை கொஞ்சம் வளைவதையும் சேர்த்துக்கொண்டால், இரண்டு கம்பங்களுக்கும் நடுவே பார்வை எட்டும் தூரம், மீட்டரில் இரண்டு உயரங்களின் வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் வரும். டவர் 300 மீட்டர், உங்கள் ஆன்டெனா 9 மீட்டர் என்றால் 83 கிலோமீட்டருக்கு மேல். 9 மீட்டரை 16 மீட்டராக உயர்த்தினால் கூடுதலாகக் கிடைப்பது 4 கிலோமீட்டர்தான். நடுவில் மேடோ மரமோ இல்லாமல் இருந்தால் உங்கள் 60 கிலோமீட்டருக்கு 9 மீட்டரே தாராளம். கண்ணெதிரே நிற்கும் மரத்தைத் தாண்டவோ பக்கத்து மாடியைத் தாண்டவோ உயர்த்துவது வேறு விஷயம், அது பலன் தரும். நனைந்த இலை யுஹெச்எஃப்பை நன்றாகவே தின்னும்.

நகர்த்துவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். என் கேபிளின் மேல் முனையில், தோலுக்கு அடியில் இருக்கும் கம்பிப் பின்னலில் களிம்பு ஏறிப் பச்சையாகியிருந்தது. ஒரு முனையில் நீர் புகுந்தால் பின்னல் வழியாகவே மீட்டர் கணக்கில் ஊறிப்போகும், அந்தக் கேபிளை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. ஆன்டெனாக் கம்பிகள் கிடைமட்டமாக இருக்க வேண்டுமா செங்குத்தாகவா என்பதையும் பக்கத்து வீட்டுக் கூரைகளைப் பார்த்து உறுதி செய்யுங்கள். மாறி இருந்தால் 15, 20 டெசிபல் வரை போகும்.

ஆன்டெனாவைக் கழற்றி மாட்டுவதெல்லாம் பகலில் செய்தாலும், தரத்தைப் பார்ப்பதை மாலையில் வையுங்கள். பகலில் கிடைக்கும் எண் உங்களை ஏமாற்றும். மாலையில் உடைவதற்கு இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். வீட்டிலோ பக்கத்திலோ விளக்கு எரியும்போது மட்டும் வருகிறதா என்று பாருங்கள், மட்டமான எல்இடி விளக்கும் சார்ஜரும் இரைச்சல் கக்கும். ஒவ்வொன்றாக அணைத்தால் பத்து நிமிஷத்தில் ஆள் மாட்டிக்கொள்வார். அப்படி இல்லாமல், காற்று அசையாத, வானம் தெளிந்த நாட்களில் மட்டும் வருகிறது என்றால், அது வானத்தின் வேலை. தரை குளிர்ந்து மேலே வெப்பக் காற்று படிந்திருக்கும்போது அலைகள் அந்த அடுக்குக்குக் கீழே சிக்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். எங்கோ தூரத்தில் இதே அலைவரிசையில் வேலை செய்யும் இன்னொரு டவர் உங்கள் ஆன்டெனாவில் வந்து விழும். உங்கள் ஒரு தொகுப்பு மட்டும் உடைவதற்கு இதுவும் பொருந்துகிறது. கூர்மையான திசை பிடிக்கும் ஆன்டெனா போட்டால் கொஞ்சம் குறையும், முழுவதும் நிற்காது.

அந்த மாதிரி மாலையில் என்ன கோபம் வந்தாலும், சேனல்களை மறுபடி தேடும் ரீஸ்கேன் மட்டும் செய்துவிடாதீர்கள். நான் செய்தேன். பெட்டி தன்னிடம் இருந்த பட்டியலை அழித்துவிட்டு, அப்போது காற்றில் எது பலமாக வந்ததோ அதைப் பதிந்துகொண்டது. மறுநாள் காலையில் காற்று மாறியதும், நான் வாழ்க்கையில் போயிராத ஒரு வட்டாரத்தின் செய்திச் சேனல் பெயர்கள் பட்டியலில் வரிசையாக நின்றன, ஒன்றிலும் படம் இல்லை.