பலர் ஆடும் விண்வெளி விளையாட்டில், கப்பலை எதிரியின் கண்ணில் படாமல் மறைக்கும் மறைப்புக் கருவிக்கு எவ்வளவு விலை வைத்தால் நியாயமாக இருக்கும்?

கேள்வியின் சுருக்கம் இது: ஒரு சர்வரில் ஐம்பது பேர் வரை ஆடும் சிறிய விண்வெளி விளையாட்டு. மறைப்புக் கருவி 5 லட்சம் கிரெடிட்டாக (விளையாட்டுப் பணம்) இருந்தபோது எல்லாரும் அதை வாங்கிக் கப்பலில் பொருத்திக்கொண்டார்கள். 40 லட்சமாக உயர்த்தியதும் பழைய ஆட்டக்காரர்கள் மட்டும் வாங்கி, புதியவர்களின் சரக்குக் கப்பல்களை வேட்டையாடுகிறார்கள். எந்த விலை சரி?

எந்த விலை வைத்தாலும் இது சரியாகாது. கருவி யார் கையில் இருக்கும் என்பதை மட்டுமே விலை முடிவுசெய்கிறது. அடிபடுகிறவருக்குத் தப்பிக்க வழி உண்டா இல்லையா என்பது வேறு இடத்தில் முடிவாகிறது. செலவை வாங்கும்போது வசூலிக்காமல், பயன்படுத்தும் நேரத்தில் வசூலியுங்கள்.

முதலில் கணக்கு. இதில் வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக வைத்தவை, உங்கள் பதிவேட்டிலிருந்து உண்மையான எண்களை எடுத்துப் போட்டுப் பாருங்கள். கப்பல் 60 லட்சம், மறைப்புக் கருவி 40 லட்சம், ஆக மொத்தம் 1 கோடி. வேட்டைக்காரர் இருபது தாக்குதலுக்கு ஒரு முறை கப்பலை இழக்கிறார் என்றால் ஒரு தாக்குதலுக்கு அவருக்கு ஆகும் செலவு 5 லட்சம். கொள்ளையில் சராசரியாக 9 லட்சம் கிடைத்தால் லாபம் 4 லட்சம். இப்போது கருவியின் விலையை இரட்டிப்பாக்கி 80 லட்சம் ஆக்குங்கள். மொத்தம் 1 கோடியே 40 லட்சம் ஆகும், தாக்குதலுக்கான செலவு 7 லட்சம் ஆகும். இன்னமும் 2 லட்சம் லாபம், வேட்டை நிற்காது. ஆனால் மணிக்கு 50,000 சம்பாதிக்கும் புதியவர் முன்பு 80 மணி நேரம் உழைத்திருந்தால் போதும், இனி 160 மணி நேரம் வேண்டும். மணிக்கு 8 லட்சம் சம்பாதிக்கும் பழையவருக்கு 5 மணி நேரம் 10 ஆகிறது, அவ்வளவுதான்.

அதற்குப் பதிலாக விலையை 40 லட்சத்திலேயே விட்டுவிட்டு, எட்டுத் தாக்குதலுக்கு ஒரு முறை அவர் கப்பலை இழக்கும்படி விதிகளை மாற்றுங்கள். செலவு 12.5 லட்சம் ஆகிவிடும். ஒவ்வொரு தாக்குதலுக்கும் 3.5 லட்சம் நஷ்டம் என்றால், ஆளைப் பார்த்து, இடத்தைப் பார்த்துத்தான் பாய்வார். நீங்கள் எதிர்பார்க்கும் ஆட்டம் அதுதான்.

இதை வெகுகாலமாகச் செய்துகொண்டிருக்கும் விளையாட்டு ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-இல் வெளியிட்டது. அதில் சாதாரண மறைப்புக் கருவியை ஏறக்குறைய எந்தக் கப்பலிலும் மாட்டலாம். ஆனால் மறைந்திருக்கும்போது கப்பல் ஊர்ந்துதான் போகும். முதல்நிலைக் கருவியில் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மறைப்பை விலக்கியவுடன் எதிரியை லாக் செய்யவும் (ஆயுதத்துக்குக் குறியாகப் பூட்டவும்) முடியாது, சில விநாடி காத்திருக்க வேண்டும். மறைந்தபடியே வார்ப் செய்யவிடும் (அதிவேகத்தில் தொலைதூரம் தாவவிடும்) உயர்ந்த கருவி வேறு. அதை அதற்கென்றே வடிவமைத்த கப்பல்களில் மட்டுமே மாட்ட முடியும், அந்தக் கப்பல்கள் பெரும்பாலும் அடி தாங்காதவை. யாராவது உங்களை லாக் செய்திருந்தால் மறைய முடியாது. வேறு கப்பலோ டிரோனோ 2,000 மீட்டருக்குள் வந்தால் மறைப்பு தானாகக் கலைந்துவிடும். இந்த 2,000 மீட்டர் விதியை நான் மிகவும் மதிக்கிறேன். தற்காத்துக்கொள்பவர் அதிகம் பணம் செலவழிக்காமல், ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வாசலைச் சுற்றி டிரோன்களைப் பரப்பி வைத்து எதிர்க்க முடிகிறது. புத்தியும் உழைப்பும் இருந்தால் போதும்.

அதே விளையாட்டின் ஸ்டெல்த் பாம்பர் என்ற, மறைந்து வந்து குண்டு வீசும் கப்பல் இன்னும் நல்ல பாடம். மறைப்பு கலைந்தவுடன் தாமதமே இல்லாமல் லாக் செய்யும் சலுகை அதற்கு உண்டு. ஆனால் அது வீசும் குண்டு நேர்கோட்டில் 30 கிலோமீட்டர் பறந்த பிறகுதான் வெடிக்கும், அதற்குச் சில விநாடி பிடிக்கும். வெடிப்பு 15 கிலோமீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் தன் கூட்டாளிகளையும் சேர்த்தே அடிக்கும். எச்சரிக்கை நேரம் ஆயுதத்துக்குள்ளேயே இருக்கிறது, விலைச்சீட்டில் இல்லை.

உங்கள் விளையாட்டுக்கு வருவோம். நீங்கள் தீர்மானிக்க வேண்டிய முதல் எண், மறைப்பு கலைந்ததிலிருந்து, குறியானவரைத் தப்பவிடாமல் தடுக்கும் முதல் பிடி விழும் வரையிலான நேரம். சரக்குக் கப்பல் திசை திரும்பி வார்ப் ஆக 8 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் எதிரி தோன்றியதைக் கவனித்துப் பொத்தானை அழுத்த ஒருவருக்கு ஒன்றரை விநாடி ஆகும், பிங் (சர்வருக்குச் செய்தி போய்வரும் நேரம்) 200 மில்லிசெகண்ட் உள்ளவருக்குக் கொஞ்சம் கூடுதல். ஆக ஏறக்குறைய 10 விநாடி. வேட்டைக்காரருக்குக் கலைப்புத் தாமதம் (மறைப்பு கலைந்தபின் லாக் செய்யத் தொடங்கக் காத்திருக்கும் நேரம்) 4 விநாடி, லாக் நேரம் 2 விநாடி, மொத்தம் 6 என்று வையுங்கள். சும்மா நின்றுகொண்டிருந்த சரக்குக் கப்பல் மாட்டிக்கொள்ளும். முன்கூட்டியே திசை திருப்பித் தயாராக ஓடிக்கொண்டிருந்த கப்பல் இரண்டு விநாடியில் தப்பிவிடும். கவனமாக ஆடுபவர் தப்புவார், கவனமில்லாதவர் சிக்குவார்.

மொத்தம் 2 விநாடிக்குக் கீழே போனால் யாரும் தப்ப முடியாது. புகார்கள் அங்கிருந்துதான் வரும். 10-ஐத் தாண்டினால் கருவியை யாரும் தாக்குதலுக்குப் பயன்படுத்தமாட்டார்கள், தப்பி ஓட மட்டுமே உதவும். கலைப்புத் தாமதத்தையும் லாக் நேரத்தையும் தனித்தனி எண்களாக வையுங்கள். ஒன்றாகக் கலந்துவிட்டால், லாக் வேகத்தைக் கூட்டும் உபகரணம் ஒன்றை மாட்டி மொத்தத் தாமதத்தையும் விழுங்கிவிடுவார்கள். கலைப்புத் தாமதத்தை எந்த உபகரணமும் குறைக்கக்கூடாது.

அடுத்தது, மறைந்தே கிடப்பது. ஈவ் ஆன்லைனில் பல ஆண்டுகள் ஓயாத சண்டை இதைப் பற்றித்தான். ஒருவர் எதிரிப் பகுதிக்குள் புகுந்து மறைந்துகொண்டு, கணினியை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார். உள்ளூர் அரட்டைப் பட்டியலில் பெயர் தெரியும், ஆள் விழித்திருக்கிறாரா என்று தெரியாது. அங்கே சுரங்கம் தோண்டுகிறவர்கள் நாள் முழுக்க வேலையை நிறுத்திவிடுவார்கள். அவருக்குச் செலவு பூஜ்யம், மற்றவர்களுக்கு ஒரு நாள் வருமானம் போச்சு. 2019-இல் நல்செக் என்ற, காவல் இல்லாத பகுதியில் அந்தப் பட்டியலையே சில மாதம் எடுத்துப் பார்த்தார்கள், பிறகு திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். 2021-இல் வந்த தீர்வு எனக்குச் சரியாகப் படுகிறது. மறைந்த முதல் 15 நிமிடம் பாதுகாப்பு. அதன் பிறகு, அந்தப் பகுதியில் யாராவது அதற்கான கண்காணிப்புக் கூடத்தை நிறுவியிருந்தால், அதன் துடிப்பு மறைப்பைக் கலைக்கக்கூடும். கணினி முன்னால் இருப்பவர் கருவியை மறுபடி இயக்கிப் பாதுகாப்பைப் புதுப்பித்துக்கொள்ளலாம். தூங்குகிறவர் மாட்டுவார்.

சிறிய விளையாட்டில் இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். எலைட் டேஞ்சரஸ் என்ற இன்னொரு விண்வெளி விளையாட்டின் பாணி எளிது: சத்தமில்லாமல் ஓடும் நிலைக்குப் போனால் வெப்பம் வெளியேறும் வழிகள் மூடிக்கொள்ளும், கவசம் அணைந்துவிடும், உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போகும். அளவு மீறினால் கப்பலின் பாகங்களே சேதமாகும். நீங்கள் ஒரு வெப்ப மானி வைத்து, நின்ற நிலையில் 12 நிமிடம், முழு வேகத்தில் 3 நிமிடம் மறைந்திருக்கலாம் என்று தொடங்குங்கள். ஆறுவதற்கு, மறையாமல் இருக்கும் நேரம் 2 நிமிடமாவது வேண்டும். எரிபொருளைக் காசுக்கு விற்காதீர்கள், அது மறுபடி பணக்காரருக்கே சாதகம். வெப்பம் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் ஏறும்.

கண்டுபிடிக்கும் கருவி, மறைக்கும் கருவியைவிட மலிவாக இருக்க வேண்டும், ஆனால் அரைகுறையாகத்தான் வேலை செய்ய வேண்டும். 3 லட்சத்துக்கு ஒரு உணரி, 20 கிலோமீட்டருக்குள் மறைந்த கப்பல் இருந்தால் ‘ஏதோ இருக்கிறது’ என்று மட்டும் விளக்கு எரியும், திசை சொல்லாது. துல்லியமான இடம் காட்டும் உணரியை விற்றால் எல்லாரும் அதை வாங்குவார்கள், மறைப்புக் கருவி ஒரே வாரத்தில் செத்துப்போகும். இந்த உணரிக்கும் கப்பலில் ஒரு ஸ்லாட் (கருவி பொருத்தும் இடம்) போக வேண்டும். சரக்கு ஏற்றுபவர் கொஞ்சம் கொள்ளளவைக் கொடுத்துத்தான் அதை மாட்ட வேண்டும்.

விலையையும் நேரத்தையும் எவ்வளவு நுணுக்கமாக வைத்தாலும் ஒரே இடத்தில் எல்லாம் பாழாகும், அது நெட்வொர்க். மறைந்த கப்பலின் இடத்தை எல்லா க்ளையண்ட்டுக்கும் (ஆடுபவரின் கணினியில் ஓடும் நிரலுக்கும்) அனுப்பிவிட்டு, திரையில் வரையாமல் மட்டும் விடுகிற வழக்கம் சிறிய குழுக்களில் சகஜம். ஏமாற்றுகிறவர் நினைவகத்தைப் படித்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார். பார்க்கும் உரிமை இல்லாதவருக்கு அந்தத் தரவே போகக்கூடாது. 2,000 மீட்டர் சோதனை சர்வரிலேயே நடக்கட்டும். ஐம்பது கப்பலுக்கு 1,225 ஜோடிகள்தான், விநாடிக்கு இருபது முறை பார்த்தாலும் சுமையே இல்லை.

பிறகு கசிவுகளைத் தேடுங்கள். மறைந்த கப்பல்மேல் மோதினால் க்ளையண்ட் அதிர்கிறதா? எஞ்சின் ஒலி கேட்கிறதா? தானாகத் தேடிப் போகும் ஏவுகணை அதன் பக்கம் வளைகிறதா? மினிமேப்பின் ஓரத்தில் கப்பல் எண்ணிக்கை ஒன்று கூடுகிறதா? இந்த நான்கையும் ஒரு மாலையில் சோதித்துவிடலாம்.

மாற்றியபின் எதைப் பார்ப்பது? கொலைகளின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், அது ஆள் வரவைப் பொறுத்து ஏறி இறங்கும். மறைப்பிலிருந்து தொடங்கிய ஒவ்வொரு தாக்குதலுக்கும் மூன்றை மட்டும் பதிவுசெய்யுங்கள்: குறியானவர் தப்பினாரா, தாக்கியவர் செத்தாரா, குறியானவர் இறப்பதற்கு முன் ஒரு கட்டளையாவது கொடுத்தாரா. மூன்றாவதுதான் முக்கியம். பாதிப் பேர் ஒன்றுமே செய்யாமல் செத்திருந்தால் கலைப்புத் தாமதத்தை அரை விநாடி கூட்டுங்கள். இரண்டு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். ஒரே நேரத்தில் வெப்பத்தையும் தாமதத்தையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

40 லட்சம் கொடுத்து ஏற்கெனவே வாங்கியவர்களை மறந்துவிடாதீர்கள். விதி மாறிய நாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு, கருவியைத் திருப்பிக் கொடுத்தால் கொடுத்த விலை முழுதும் திரும்பக் கிடைக்கும்படி செய்யுங்கள். பிறகு விலையை 12 லட்சத்துக்கோ 15 லட்சத்துக்கோ இறக்கலாம். புதியவரும் சில நாள் உழைப்பில் வாங்கி, அதே வெப்பத்தோடும் அதே தாமதத்தோடும் பயன்படுத்தட்டும்.