அழுது புலம்பியா வாங்கினார்கள்?

கேள்வி: துவாலு, வனுவாட்டு என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய தீவுகள் எல்லாம் ஐ.நா. பருவநிலை மாநாட்டில் அழுது புலம்பி என்ன ஆகப்போகிறது? கடைசியில் அமெரிக்காவும் சீனாவும் வைத்ததுதானே சட்டம்?
- வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: தானே புயலில் அடிவாங்கிய ஊரிலிருந்தா இந்தக் கேள்வி! சரி, விஷயத்துக்கு வருவோம். அவர்கள் அழுவதைத்தான் டிவியில் காட்டுகிறார்கள். 1990-லேயே கூட்டணி அமைத்துவிட்டார்கள். இன்று அதில் 39 உறுப்பினர்கள். கரியமில வாயுவைக் குறைக்கப் போட்ட கியோட்டோ ஒப்பந்தத்துக்கு முதல் வரைவை 1994-ல் எழுதிக் கொண்டுபோய் வைத்ததே அவர்கள்தான். பணக்கார நாடுகள் 2005-க்குள் கரியமில வாயுவை 20 சதவீதம் குறைக்க வேண்டும் என்று கேட்டார்கள். கிடைத்தது 5 சதவீதச் சொச்சம், அதற்கும் 2012 வரை கெடு. ஆனால் பேச்சு தொடங்கியது இவர்கள் வைத்த தாளிலிருந்து.

அப்புறம், அந்த மாநாட்டில் ஓட்டெடுப்பு கிடையாது. உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தார் கூடிப் பேசுவது மாதிரி, எல்லோரும் சரி என்றால்தான் முடிவு. அதனால்தான் சுமார் 11 ஆயிரம் பேர் வாழும் துவாலு, 2009-ல் கோபன்ஹேகனில் அடம்பிடித்துக் கூட்டத்தையே ஒத்திவைக்க வைத்தது. பூமியின் வெப்ப உயர்வை 2 டிகிரிக்குள் நிறுத்தினால் போதும் என்றிருந்தவர்களை, 2015-ல் பாரிஸில் 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வோம் என்று எழுத வைத்ததில் பெரும் பங்கு இந்தத் தீவுகளுக்குத்தான். கடல் மட்டம் உயர்ந்து பாதிக்கப்படுபவர்களுக்கு இழப்பீட்டு ஏற்பாடு வேண்டும் என்று வனுவாட்டு கேட்டது 1991-ல். இழப்பு, சேதத்துக்கென்று தனி நிதி அமைக்க எகிப்து மாநாட்டில் ஒத்துக்கொண்டது 2022-ல். அதில் சேர்ந்திருக்கும் பணம் சொற்பம்தான்.

நீங்கள் சொல்வதிலும் பாதி உண்மை இல்லாமல் இல்லை. 2023-ல் துபாயில் தீவு நாட்டார் மண்டபத்துக்குள் வருவதற்குள் மாநாட்டுத் தலைவர் சுத்தியலைத் தட்டித் தீர்மானத்தை முடித்துவிட்டார். “நாங்கள் இல்லாதபோதே முடித்துவிட்டீர்களே” என்ற பொருளில் தீவுகளின் சார்பில் சமோவா நாட்டின் ஆன் ராஸ்முசன் கேட்டார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. தீர்மானத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை!

அதற்காக அவர்கள் மாநாட்டை மட்டும் நம்பி உட்காரவில்லை. பசிபிக் தீவுகளின் சட்டக் கல்லூரி மாணவர்கள் சொன்ன யோசனையை வனுவாட்டு கையிலெடுத்து, பருவநிலையைக் காப்பதில் நாடுகளின் சட்டக் கடமை என்ன என்ற கேள்வியை ஐ.நா. பொதுச்சபை வழியாக சர்வதேச நீதிமன்றத்துக்கே கொண்டுபோனது. அந்த நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகருக்கு அமெரிக்காவும் சீனாவும் வந்து, இருக்கிற பருவநிலை ஒப்பந்தங்களே போதும் என்று வாதாடின, நம் இந்தியாவும்தான். 2025 ஜூலையில் வந்தது ஆலோசனைக் கருத்துதான், யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் ‘ஒப்பந்தங்களே போதும்’ என்ற அந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.