மழைத்தண்ணீர்க் கணக்கில் சோறு கிடைக்குமா?

அண்ணை, மகள் சிவில் படிக்கப் போகிறாள் என்றதும் சரி, வீடு கட்டுவாள் என்று நினைத்திருப்பீர்கள். இப்போது அவள், நகரத்து மழைத்தண்ணீரைக் கணினியில் ஓடவிட்டுப் பார்க்கும் வேலைதான் வேண்டும் என்கிறாளாம். பயப்படாதீர்கள், விளையாட்டு வேலை இல்லை.

100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 5,000 லீற்றர் தண்ணீர். முந்தி அது முற்றத்து மண்ணில் ஊறியது. இப்போது முற்றத்துக்குச் சீமெந்து, ஒழுங்கைக்குக் கொங்கிறீற். அவ்வளவும் ஒரேயடியாக வாய்க்காலுக்கு ஓடுகிறது. எஸ்.டபிள்யூ.எம்.எம். (SWMM, ஆங்கிலத்தில் Storm Water Management Model) என்ற மென்பொருள் இதே கணக்கை ஊர் முழுக்கப் போடும். ஊரைத் துண்டு துண்டாகப் பிரித்து, எவ்வளவு சீமெந்துத் தரை, என்ன சரிவு, வாய்க்கால் எவ்வளவு அகலம், எந்த மணிக்கு எவ்வளவு மழை என்று கொடுத்தால், எந்த மதகு எப்போது நிரம்பி வழியும் என்று சொல்லும். மதகைப் பெருப்பிப்பதா, வீட்டுக்கு வீடு தொட்டி வைப்பதா என்பதைக் காசைக் கொட்ட முன்பே பார்த்துவிடலாம். மார்கழியில் கடலுக்கு விரட்டிய தண்ணீரை ஆவணியில் தேடுகிற வன்னிக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பெரியது.

இந்த மென்பொருளை 1971இல் அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் வெளியிட்டது, இன்றும் இலவசம். இதற்கென்று யாராவது லட்சக்கணக்கில் கோர்ஸ் விற்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

மென்பொருளை ஒரு விடுமுறைக்குள் பழகலாம். சரியான அளவு எடுக்கத்தான் காலம் பிடிக்கும். போன மாரியில் என்னிடம் வந்த பெடியன் ஒருவன் படத்தைப் பார்த்து 3 அடி மதகு என்று பதிந்திருந்தான். நேரில் போய் ரேப் பிடித்தால், பாதிக்கு மேல் மண்ணும் சொப்பிங் பைகளும். அவனுடைய கணினியில் வெள்ளமே வரவில்லை. ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர்.

உயர்தரத்தில் இணைந்த கணிதத்தை விடாமல் பிடிக்கச் சொல்லுங்கள். யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது, கொழும்புக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. அப்புறம், நீர்ப்பாசனத் திணைக்களம், நகர அபிவிருத்தி அதிகாரசபை, தனியார் ஆலோசனை நிறுவனங்கள் என்று போகலாம். முதலில் வீதி வேலையோ கட்டட வேலையோதான் அகப்படலாம். அதையும் செய்யட்டும்.

இந்த மாரிக்கு உங்கள் ஒழுங்கை மதகில் அடிக்கோல் ஒன்றைக் கட்டி, மழை பெய்யப் பெய்யப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் மட்டத்தைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். குடையை நீங்கள் பிடியுங்கள்.