விண்டோஸ் 7 கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கலாமா?

வணக்கம். உப்புவெளியில் உள்ள உங்கள் பழைய விண்டோஸ் 7 கணினியில் மகளின் வினாத்தாள்களைத் தரவிறக்கும்போதும் வங்கித் தளத்தைத் திறக்கும்போதும் ‘இணைப்பு பாதுகாப்பற்றது’ என்று வருவதாக எழுதியிருந்தீர்கள்.

முதலில் திரையின் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். சென்ற மாரியில் திருகோணமலை நகரில் நண்பர் ஒருவரின் கணினியைத் திறந்து பார்த்தேன். தாய்ப்பலகையில் கணினியின் கடிகாரத்தை ஓடவைக்கும் நாணயம் போன்ற சிறு மின்கலம் உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்க, கணினி ஒவ்வொரு முறையும் 2009ஆம் ஆண்டிலேயே விழித்தெழுந்தது. தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழின் செல்லுபடிக் காலத்தை உலாவி கணினியின் திகதியோடுதான் ஒப்பிடுகிறது என்பதால், அந்தச் சிஆர்2032 மின்கலத்தை மாற்றித் திகதியைத் திருத்தியதும் தளங்கள் திறந்தன. திகதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், அதைத் தாண்டிச் செல்லும் பொத்தானைத் தயவுசெய்து அழுத்தாதீர்கள்.

ஆனால் தளம் திறப்பது வேறு, பாதுகாப்பு வேறு. விண்டோஸ் 7க்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14உடன் நின்றன; குரோம் உலாவியும் 109ஆம் பதிப்புக்கு மேல் அதில் இயங்காது. அதன்பின் கண்டறியப்பட்ட ஓட்டைகள் அடைக்கப்படாமலே கிடக்கின்றன, வைரஸ் தடுப்பு மென்பொருள் அவற்றை அடைப்பதில்லை. எனவே வங்கிக் கணக்கை அதில் திறக்க வேண்டாம். மின்னஞ்சலையும்தான், ஏனெனில் மற்றக் கடவுச்சொற்களை மாற்றும் வழி அதனூடாகவே செல்கிறது. இவற்றுக்குப் புதுப்பிப்புகள் வரும் கைப்பேசியே போதும்.

கணினியைக் கைவிட வேண்டியதில்லை. அது 64 பிட் செயலியாயின், விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்து, குடும்பப் படங்களை வேறிடத்தில் பிரதியெடுத்த பின்னரே நிறுவுங்கள். 2 ஜிபி நினைவகத்தில் (ராம்) மெதுவாக ஓடும். 4 ஜிபி ஆக்கினால் வினாத்தாள்களுக்குத் தாராளம்.