கட்டையனின் கணக்கு

அன்பின் அண்ணா,

உங்கள் தளத்தை மூன்று வருடமாக வாசிக்கிறேன். பழைய கட்டுரை ஒன்றில், வெள்ளவத்தை நெட் கஃபே ஒன்றில் இரவிரவாக லினேஜ் 2 என்ற கணினி விளையாட்டை விளையாடியதாக ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரியை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நானும் நண்பர்கள் நான்கு பேரும் அதன் பழைய பதிப்பு ஓடுகிற சர்வர் ஒன்றில் சேர்ந்தோம். அவர்கள் எல்ஃப், மனிதன், ஓர்க் என்று எடுத்தார்கள். நான் ட்வார்ஃப் எடுத்தேன். 20-ஆவது லெவலில் ஸ்பொயிலர் (செத்த அரக்கனிலிருந்து சாமான் எடுக்கிறவன்) பக்கம் போனேன், இப்போது லெவல் 31. பார்ட்டியில் எனக்குப் பெயர் 'முதலாளி'. "நாங்கள் சண்டை பிடிக்கிறோம், நீ பிணத்தில் பொறுக்குகிறாய்" என்று பகிடி வேறு. நான் கொப்பியில் விலை எழுதுவதைப் பார்த்த என் அண்ணன் (வங்கியில் வேலை), "வேலை விட்டு வந்தும் கணக்குப் பார்க்கிறதுக்குப் பெயர் விளையாட்டா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இத்தனைக்கும் கையில் பெரிதாக அடேனாக் காசும் இல்லை. பொறுக்கும் சாமானை வீணாக்கக் கூடாதென்று கிராஃப்டர் ஒருவனையும் புதிதாகத் தொடங்கி, நானே பொருள் செய்து விற்கிறேன்.

லாபத்துக்காக விளையாடுவது பிழையா அண்ணா?

ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

அன்பின் தம்பி,

பிழை இல்லை. ஆனால் கையில் காசு நிற்கவில்லை என்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் இரண்டு வரி. லினேஜ் 2, 2003-இல் கொரியாவில் என்சிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட இணைய விளையாட்டு. ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் அரக்கர்களை அடித்து, கோட்டைகளைப் பிடித்து, சந்தையில் விற்று வாங்கி வாழ்வார்கள். அங்கே காசுக்குப் பெயர் அடேனா. ட்வார்ஃப் என்ற இனத்தை நாங்கள் நெட் கஃபேயில் 'கட்டையன்' என்றுதான் கூப்பிடுவோம். ஆள் கட்டை, அடி தாங்குவான், மந்திரம் வராது, கையில் சுத்தியல். மாஃபர் என்ற மண் தேவதை படைத்த இனம் என்று கதை. மற்ற இனத்தாருக்கு 80 சாமான் வைக்கப் பையில் இடம் என்றால் அவனுக்கு 100. சுமையும் கூடத் தூக்குவான். கொழும்பின் புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை ஏற்றிய வண்டியைச் சனத்துக்குள்ளால் தள்ளிக்கொண்டு போகிற நாட்டாமிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கட்டையன்தான் ஞாபகம் வருவான்.

இருபதாவது லெவலில் அவனுக்கு இரண்டு வழி. ஸ்கவெஞ்சர் (நீங்கள் போன ஸ்பொயிலர் வழி) ஆனால், சாகப்போகிற அரக்கன்மேல் 'ஸ்பொயில்' போட்டு, செத்த பிறகு பிணத்தைக் கூட்டியெடுத்து, மற்றவர்களுக்குக் கிடைப்பதற்கு மேலதிகமாக இரும்புத்தாது, எலும்பு, நூல், வார்னிஷ் என்று எடுக்கலாம். ஆர்ட்டிசன் (கிராஃப்டர் வழி) ஆனால் அந்தச் சாமான்களை வைத்து வாளும் கவசமும் செய்யலாம். நாற்பதில் இந்த இரண்டும் பவுண்டி ஹன்டர், வோர்ஸ்மித் என்று பெயர் மாறும்.

இனி உங்கள் நண்பர்கள். 'பிணத்தில் பொறுக்குகிறாய்' என்று சொல்கிறவர்களிடம் அவர்கள் கையிலிருக்கும் ஆயுதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப்பாருங்கள். யாரோ ஒரு கட்டையன் ஒரே மாதிரி அரக்கனை நூற்றுக்கணக்கில் அடித்து, குனிந்து குனிந்து பொறுக்கிய சாமான்தான் அது. எங்கள் ஒழுங்கைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போத்தல் பேப்பர்காரர் ஒருவர் வருவார். தராசைத் தூக்கிப் பிடிக்கும்போது அவருடைய சின்னவிரல் எங்கே நிற்கிறது என்று அம்மா கண்கொட்டாமல் பார்ப்பா. அவரோ எங்கள் பழைய பத்திரிகைக் கட்டை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டே கிலோ சொல்வார், பிறகு தராசும் அதையேதான் சொல்லும். நல்ல ஸ்பொயிலரும் அப்படித்தான். எந்தக் காட்டில் எந்த அரக்கன் எதை வைத்திருக்கிறான், அதற்கு இன்றைக்குச் சந்தையில் என்ன விலை என்று அவனுக்கு மனப்பாடம்.

ஆனாலும் ஒன்று. மந்திரக்காரர் இரண்டு அடியில் அரக்கனைச் சாய்த்துவிட்டால் உங்களுக்கு ஸ்பொயில் போட நேரமில்லை. உங்களைவிட லெவல் கூடிய அரக்கனில் ஸ்பொயில் அடிக்கடி பிடிக்கவும் பிடிக்காது. அதனால் நண்பர்களுக்கு ஏற்ற காடும் உங்களுக்கு ஏற்ற காடும் ஒன்றில்லை. அவர்களோடு போகிற இரவு ஒன்று, தனியாகத் தொழிலுக்குப் போகிற இரவு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். அவர்களோடு போனால் கணக்குப் பார்க்காதீர்கள், தனியாகப் போனால் இரக்கம் பார்க்காதீர்கள்.

சரி, காசு ஏன் நிற்கவில்லை? கடிதத்தில் நீங்களே சொல்லிவிட்டீர்கள். பொறுக்கிய சாமானை வீணாக்கக் கூடாதென்று நீங்களே பொருள் செய்து விற்கிறீர்கள்.

தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தொட்ட நாட்களில், எங்கள் பக்கத்தில் இடியப்பக்கடை வைத்திருக்கிற ஒருவர் மட்டும் சம்பல் விலையைக் கூட்டவில்லை. கேட்டால், "தேங்காய் வீட்டுக் காணியில் இருந்து வருது, எனக்குச் செலவில்லை" என்றார். நான் சொன்னேன்: "அண்ணை, அந்தத் தேங்காயை அப்படியே பக்கத்துக் கடைக்குக் குடுத்தால் 200 ரூபா வரும். நீங்கள் அதைத் துருவி 120 ரூபாவுக்கு விற்கிறீர்கள். துருவின கைக்கும் கூலி இல்லை." மனிதர் கொஞ்ச நேரம் இடியப்பத் தட்டைப் பார்த்தபடி நின்றார். அடுத்த கிழமை விலை கூடியது. எனக்கும் சேர்த்துத்தான் கூடியது, அது என் வாய்க்கொழுப்பு.

உங்கள் கிராஃப்டர் செய்வதும் அதுதான் தம்பி. நானே பொறுக்கியது, ஆகவே இலவசம் என்று நினைத்து, மூலப்பொருளாக விற்றால் வரக்கூடிய காசைவிடக் குறைந்த விலைக்கு முடிந்த பொருளை விற்கிறீர்கள். கிரானில் இப்படித்தான் பாதிக் கடை ஓடும். கிரான் என்பது அந்த உலகத்துப் புறக்கோட்டை. கட்டையர்கள் தலைக்குமேல் எழுத்தைத் தொங்கவிட்டபடி வரிசையாக நிலத்தில் குந்தியிருப்பார்கள். ஒரு மாலை அந்த வரிசைகளில் நடந்து, விற்கப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் மூலப்பொருள் விலையைக் கூட்டிப் பாருங்கள். பாதியாவது நட்டத்துக்குப் போகும். விற்கிறவர்களுக்கு அது தெரியாது. நீங்கள் அந்தப் பொருளை வாங்கலாம். செய்யத் தேவையில்லை.

தினமும் எரிந்து முடிகிற சாமானையும் கவனியுங்கள். சோல்ஷொட் என்ற ஒன்று இருக்கிறதே, ஒன்றை எரித்தால் அடுத்த அடி இரட்டிப்பாக விழும். சண்டை பிடிக்கிற ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு இரவும் வேண்டும். வாளை ஒருவன் எப்போதாவதுதான் வாங்குவான். புறக்கோட்டை நாலாம், ஐந்தாம் குறுக்குத்தெருக்களில் பருப்பும் வெங்காயமும் விற்கிற மொத்தக் கடைகளைப் பாருங்கள். கடை அழகில்லை, பலகையில் பெயின்ட் உரிந்திருக்கும், லொறி மட்டும் வாசலைவிட்டு நகராது. உங்களிடம் கிராஃப்டர் இருப்பதால் அதற்கான மூலப்பொருளான சோல் ஓரும் கிறிஸ்டலும் வாங்கி சோல்ஷொட் செய்து பாருங்கள். அலுப்பான வேலைதான்.

வாளும் கவசமும் செய்தேதான் ஆகவேண்டும் என்றால், மற்றவர்களுடைய சாமானில் செய்யுங்கள். அதற்குத்தான் கட்டையனுக்கென்று பட்டறைக் கடை இருக்கிறது. மூலப்பொருள் வாடிக்கையாளருடையது, ரெசிப்பியும் (செய்முறை) மானாவும் (செய்யச் செலவாகிற சக்தி) உங்களுடையது, கூலியை நீங்கள் சொல்லலாம். செட்டியார் தெருவில் பழைய சங்கிலியைக் கொடுத்துக் காப்பு செய்யச் சொல்கிற மாதிரித்தான். ஒரே வித்தியாசம், செட்டியார் தெருவில் சேதாரம் நூற்றுக்கு இத்தனை என்று முதலிலேயே பேசிவிடுவார்கள். இங்கே 60 சதவீத ரெசிப்பியில், அதாவது நூற்றுக்கு அறுபது தடவைதான் சரிவரும் ரெசிப்பியில் கைவைத்தால், தவறிப்போனால் முழுப் பவுனும் சேதாரம்.

அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். 2006. கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மாடியில் எட்டு மெஷின், ஒரு காற்றாடி. எங்கள் கூட்டத்தில் வில்லுக்காரன் ஒருவன் இருந்தான். அவனுக்கு பி கிரேட் என்ற உயர்ந்த தரத்தில் ஒரு வில் செய்யவென்று ஐந்து பேர் இரண்டு மாதமாகச் சாமான் சேர்த்தோம். 100 சதவீத ரெசிப்பி விலை கூட. 60 போதும் என்று சொன்னது நான்தான். பத்தில் ஆறு என்பது எனக்கு அன்றைக்கு 'அநேகமாக நிச்சயம்' மாதிரிப் பட்டது. எல்லோரும் தங்கள் மெஷினைவிட்டு எழும்பி வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றார்கள். ஒருவன் கையில் பிளேன்டீ. அழுத்தினேன். ஒரு சின்ன வரி வந்தது, தோல்வி என்று. பையைத் திறந்தேன், சாமான் இருந்த கட்டங்கள் வெறுமையாக இருந்தன. யாரும் ஏசவில்லை. பிளேன்டீக்காரன் ஆற்றி ஆற்றிக் குடித்தான். வில்லுக்காரன், "சரி, மணித்தியாலம் முடியப்போகுது" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். அடுத்த மாதம் அவன் வேறு கூட்டத்தில் சேர்ந்துவிட்டான். இப்போதும் தெருவில் கண்டால் கதைப்பான், வில்லைப் பற்றி மட்டும் கதைப்பதில்லை.

பெரிய வியாபாரம் ஒன்றும் சொல்லவேண்டும், இதை நான் விளங்கிக்கொண்டது 2022-இல். விளையாட்டில் அரக்கன் செத்தால் அடேனா விழுகிறது. அதாவது ஒவ்வொரு சாவுக்கும் காசு அச்சடிக்கப்படுகிறது. விளையாட்டே வைத்திருக்கிற கடைக்காரப் பாத்திரங்களிடம் வாங்குவது, ஊருக்கு ஊர் தாவும் கட்டணம், இந்த ஓட்டைகளால் கொஞ்சம் வெளியேறும். வருவது கூடப் போவது குறைய என்றால் விலை ஏறிக்கொண்டே போகும். நாங்கள் அப்போது இதை 'சர்வர் பழசாகுது' என்போம். 2022 மார்ச் தொடக்கத்தில் இங்கே டொலர் 200 ரூபாவைச் சுற்றி நின்றது, மே மாதம் 360-ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம். காரணங்கள் வேறு, ஆனால் அலுமாரிக்குள் காசை வைத்திருந்தவர்களுக்கும் சாமானை வைத்திருந்தவர்களுக்கும் நடந்தது விளையாட்டில் நடப்பதேதான்: காசு தேய்ந்தது, சாமான் நின்றது. பழைய சோனகத் தெருவில் ஆணியும் கம்பியும் விற்கிற கடைக்காரர் ஒருவர் எனக்கு அப்போது சொன்னார்: "தம்பி, இண்டைக்கு வித்தால் நாளைக்கு இந்தக் காசுக்கு இதே ஆணி வராது." எனக்கு உடனே கட்டையனின் பண்டகசாலை நினைவுக்கு வந்தது. அடேனாவாக அடுக்காதீர்கள். விலை நின்று பிடிக்கிற மூலப்பொருள் இரண்டு மூன்றைத் தெரிந்து அதில் அடுக்குங்கள்.

அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது? அவர் 304 சீட்டாட்டம் விளையாடுவாரா என்று கேளுங்கள். வங்கிக்காரர், கட்டாயம் விளையாடுவார். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10 என்று எண்ணி, எந்தத் துரும்பு இறங்கிவிட்டது, எது யார் கையில் என்று விடியும்வரை கணக்குப் பார்க்கிறவரை யாரும் 'வேலை செய்கிறான்' என்பதில்லை. அவர் வங்கியில் பார்க்கிற கணக்கு மற்றவருடையது, பிழைத்தால் விளக்கக் கடிதம் எழுதவேண்டும். உங்கள் கணக்கு பிழைத்தால் பிளேன்டீயை ஆற்றிக் குடிக்கவேண்டும், அவ்வளவுதான். சரி, அதுவும் வலிக்கும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

'முதலாளி' என்று கூப்பிட்டால் கோபிக்காதீர்கள். கோட்டை பிடிக்கிற நாள் வரும்போது கதவை உடைக்கிற பெரிய பூதத்தைக் கிளப்புகிறவன் வோர்ஸ்மித் கட்டையன்தான். அன்றைக்கு எல்லோரும் உங்கள் மற்றக் கட்டையனைச் சுற்றி நின்று காப்பாற்றுவார்கள். அதற்கு அவன் நாற்பதைத் தாண்டி நிறைய வளரவேண்டும், இப்போதைக்கு அவனைச் சோல்ஷொட்டில் வைத்திருங்கள்.

அடுத்த கடிதத்தில் அந்தக் கொப்பியின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். கிரானில் வார்னிஷ் இப்போது என்ன விலை போகிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்.