மதுரையிலிருந்து மணப்பாடு: கோடையில் ஒரே நாளில் போய் வர

கேள்வி: திருநகரில் இருக்கிறோம். மே விடுமுறையில் பாறைக் கடற்கரை ஒன்றைக் காரில் போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்ப வேண்டும். மணப்பாடு சரிப்படுமா? கூட 70 வயது அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள். எத்தனை மணிக்குக் கிளம்பலாம், எங்கே குளிக்கலாம்?

பதில்: தாராளமாகப் போகலாம். அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி வரை நான்குவழிச் சாலை. அங்கிருந்து திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம் தாண்டினால் மணப்பாடு. மொத்தம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். அதிகாலை 3.30க்குக் கிளம்பி 7.30க்குச் சேருங்கள். பத்து மணிக்கு மேல் மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. வைகாசி விசாகத்தை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். திருச்செந்தூர் நெரிசலிலேயே காலை போய்விடும்.

மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மேட்டின் உச்சியில் 1581இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது. அம்மா வெயிலுக்கு ஒதுங்க அதை விட்டால் நிழல் குறைவு. மேடு கருங்கல் அல்ல. சுண்ணாம்பு பிடித்து இறுகிய மணற்பாறை. அலை அடியில் அரித்துக்கொண்டே இருப்பதால் மேலே திடமாகத் தெரியும் விளிம்புக்குக் கீழே வெற்றிடம் இருக்கலாம். ஓரத்திலிருந்து பத்தடி தள்ளியே நில்லுங்கள். பாறைக்கடியில் உட்காரவும் வேண்டாம்.

குளிப்பதைத்தான் நன்றாக யோசிக்க வேண்டும். இந்தக் கரையில் கடல்மட்டத்தின் அன்றாட ஏற்றஇறக்கம் (ஓதம்) ஒரு மீட்டருக்குள்தான். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஏப்ரல், மே மாதங்களில் வரும் கள்ளக்கடல்தான் ஆபத்து. தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயற்காற்று எழுப்பிய அலை பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வரும். இங்கே காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இப்படியொரு நாளில்தான் இறந்தார்கள். ஆகவே முந்தின இரவு ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையத்தின் இணையதளத்தில் தூத்துக்குடி மாவட்டத்துக்கு எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேட்டிலிருந்து பார்ப்பதோடு சரி, காலைக்கூட நனைக்க வேண்டாம்.

எச்சரிக்கை இல்லாத நாளிலும் பாறையடியிலும் கருமேனியாற்று முகத்துவாரத்திலும் இறங்காதீர்கள். ஊர்க்காரர்களிடம் கேட்டு, அவர்கள் குளிக்கும் மணற்பகுதியில் மட்டும் இறங்குங்கள். பிள்ளைகளுக்கு முழங்கால் ஆழம் போதும், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். இருபுறமும் அலை உடைந்து நடுவில் மட்டும் நுரையில்லாமல் கருத்துத் தெரிந்தால், அங்கே தண்ணீர் கடலுக்குள் இழுக்கிறது என்று பொருள். சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ் பொட்டலங்கள், வாரோடு கூடிய செருப்பு. மதியத்துக்கு மீனை நம்பிப் போகாதீர்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு மீன்தான், விலையும் கூடுதல். பக்கத்தில் உடன்குடிப் பனைகளின் பருவம் இது. நுங்கு கிடைத்தால் விடாதீர்கள்.

காரைத் தார்ச்சாலையிலேயே நிறுத்துங்கள். மணலில் புதைந்தால் ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்தச் சக்கரம் இன்னும் இறங்கும். ஸ்டியரிங்கை நேராக்கி, சக்கரத்தின் முன்னால் மணலைப் பறித்து, டயர் காற்றை 20 பிஎஸ்ஐ வரை குறைத்து மெதுவாக நகர்த்துங்கள். அடுத்த பெட்ரோல் பங்க்கில் மறக்காமல் காற்றடிக்க வேண்டும். அதிகாலையில் எழுந்த ஓட்டுநருக்கு மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் தூக்கம் சொக்கும். திருச்செந்தூரில் அறை எடுத்து ஒரு மணி நேரமாவது படுக்க விட்டு, நான்கரைக்குக் கிளம்புங்கள்.